ரோஜா முத்தையா நூலகத்துல நம்ம ஊர்க் கதையை, குடும்பக் கதையைத் தேடுறது எப்படி

எங்க அம்மாச்சியோட அப்பா நாடகத்துல ஆர்மோனியம் வாசிச்சவரு. காரைக்குடி பக்கம். ஸ்பெஷல் நாடகம், ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். ரங்கூன் போனாரு, கொழும்பு போனாருன்னு கதையாத்தான் கேட்டிருக்கோம், வீட்டுல ஒரு போட்டோ கூட கிடையாது. அம்மாச்சி போனப்புறம் அந்தக் கதையும் போயிடும்போல இருந்துச்சு, அதனால தேட ஆரம்பிச்சேன். மூணு வருஷமா விட்டு விட்டுத் தேடுறேன். அதுல கத்துக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க, என்னை மாதிரி வேலைக்குப் போயிட்டு லீவு நாள்ல தேடுறவங்களுக்கு சொல்ல ஆள் இல்ல, அவங்களுக்காகத்தான் இது.

முதல்ல அந்த நூலகம் என்னன்னு சொல்லிடறேன். ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர், காரைக்குடிக்குப் பக்கத்துல. சைன்போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட். 1950 வாக்குல இருந்து பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பிச்சு, புத்தகம்னு மட்டும் இல்லாம பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடுதாசின்னு மத்தவங்க பழைய பேப்பர்காரருக்குப் போடுறதையெல்லாம் எடுத்து வச்சாரு. 1992ல அவர் காலமானப்ப கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படி இருந்துச்சு. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போகாம, 1994ல சென்னையிலேயே நூலகமா ஆக்கினாங்க. இப்ப தரமணியில, சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்துல இருக்கு. பறக்கும் ரயில்ல வந்தா தரமணி ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம்.

பெரிய மனுஷங்களைப் பத்தித் தேட எங்க வேணா போகலாம். ஆர்மோனியக்காரரு, பலசரக்குக்கடைக்காரரு, அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவரு, இவங்களைத் தேடணும்னா துண்டுக் காகிதத்தை எடுத்து வச்ச இடத்துக்குத்தான் போகணும், அதனாலதான் இந்த நூலகத்தை முதல்ல சொல்றேன்.

வீட்டுல முடிக்க வேண்டிய வேலை

நான் முதல் தடவை போனப்ப நேரா போய் நின்னு "எங்க பூட்டனார் பத்தி ஏதாவது இருக்குமா"ன்னு கேட்டேன். அங்க இருந்த மேடம் ரொம்ப பொறுமையா திருப்பிக் கேட்டாங்க, எந்த வருஷம் சார், எந்த ஊர்ல நாடகம், எந்த கம்பெனி, நோட்டீஸ்ல அவர் பேர் எப்படிப் போட்டிருப்பாங்க. ஒண்ணுக்கும் என்கிட்ட பதில் இல்ல. ஒரு நாள் லீவும் ரெண்டு ராத்திரி பஸ்ஸும் போச்சு. அதனால சொல்றேன், நூலகத்துக்குப் போறதுக்கு முன்னாடி பாதி வேலை வீட்டுல இருக்கு.

பரண்ல இருக்கற ட்ரங்குப் பெட்டியைத் திறங்க. மூலப்பத்திரம், பட்டா, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாத்தையும் எடுங்க. முக்கியமா மொய் நோட்டு. மொய் நோட்டை யாரும் ஒரு ஆவணமாவே நினைக்கறதில்ல, ஆனா அதுல பேரு, ஊரு, அப்பா பேரு, எவ்வளவு பணம்னு வரிசையா இருக்கும், எந்த ஊர்ல யார் சொந்தம், யார் கூட்டாளின்னு அதை வச்சே ஒரு படம் போட்டுடலாம். எங்க வீட்டு மொய் நோட்டுல "மிருதங்கம்"னு பேருக்கு முன்னாடி போட்டு ஒருத்தர் ரெண்டு ரூபா எழுதியிருந்தாரு, அவர் பேரை வச்சுத்தான் பின்னாடி எனக்கு வழியே திறந்துச்சு.

வயசானவங்ககிட்ட பேசும்போது "எந்த வருஷம்"னு கேட்காதீங்க, சொல்லத் தெரியாது. "அப்ப உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா", "பெரிய மாமா பொறந்தாச்சா", "யுத்தத்துக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேளுங்க, பட்டுனு வரும். போன்ல ரெகார்டு பண்ணிக்கோங்க, கேட்டுட்டுப் பண்ணுங்க.

அப்புறம் ஒரே ஒரு பேப்பர்ல ஒரே ஒரு கேள்வி எழுதுங்க. "எங்க குடும்ப வரலாறு"ங்கறது கேள்வி இல்ல. "1925லேர்ந்து 1935க்குள்ள காரைக்குடி, தேவகோட்டை பக்கம் நடந்த நாடகங்கள்ல ஆர்மோனியம் யாரு வாசிச்சாங்க", இது கேள்வி. ஒரு ஆளு, ஒரு ஊரு, ஒரு பத்து வருஷம். இதுக்கு மேல விரிச்சா நூலகத்துல இருக்கறவங்களாலயும் உதவ முடியாது.

பேரு எப்படியெல்லாம் மாறும்

ஒரே ஆளோட பேரு பத்து விதமா அச்சாயிருக்கும். ஊர்ப் பேரு முன்னாடி வரும், வராது. இனிஷியல் சில சமயம் ஊரு, சில சமயம் அப்பா. சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும், அடுத்த நோட்டீஸ்ல இருக்காது. ஆறுமுகம் சண்முகம் ஆவாரு, ஷண்முகம்னு கிரந்தத்துல வருவாரு. ஆர்மோனியம், ஹார்மோனியம், ஆர்மோனிய வித்வான் மூணையும் தேடணும். பொம்பளைங்க பேரு கல்யாணப் பத்திரிகையிலகூட பல சமயம் "இன்னாருடைய குமாரத்தி"ன்னு முடிஞ்சுடும், அதனால அவங்களைத் தேடும்போது அப்பா, புருஷன், அண்ணன் தம்பி பேரையும் சேர்த்து வச்சுக்கோங்க.

ஊர்ப் பேரும் அப்படித்தான். திருச்சிராப்பள்ளி, திரிசிரபுரம், ட்ரிச்சினோபொலி மூணும் ஒண்ணு. மயிலாடுதுறையைப் பழசுல தேடினா கிடைக்காது, மாயவரம்னு தேடணும். கும்பகோணத்துக்குக் குடந்தை, சிதம்பரத்துக்குத் தில்லை.

அதைவிட முக்கியம், உங்க ஊரு அந்தக் காலத்துல எந்த மாவட்டத்துல இருந்துச்சுங்கறது. காரைக்குடியையே எடுத்துக்கோங்க, 1910 வரைக்கும் மதுரை மாவட்டம், 1910லேர்ந்து ராமநாதபுரம், 1985லேர்ந்து சிவகங்கை. அதனால 1906ல வந்த மதுரை கெசட்டியர்லதான் (கெசட்டியர்னா மாவட்டத்தைப் பத்தி அரசாங்கம் போட்ட விவரப் புத்தகம்) எங்க ஊர் சேதி இருக்கு, தனி ராமநாதபுரம் கெசட்டியர் 1972லதான் வந்துச்சு. இது தெரியாம நான் சிவகங்கை சிவகங்கைன்னு தேடிட்டு இருந்தேன். நிலம் பத்தித் தேடுறவங்களுக்கு இன்னொண்ணு, அந்தப் பக்கமெல்லாம் ஜமீன் நிலம், 1948ல எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அப்புறம்தான் ரயத்துவாரி, அதாவது விவசாயி நேரா அரசாங்கத்துக்கு வரி கட்டுற முறை ஆச்சு, அதுக்கு முன்னாடி கணக்கு ஜமீன் கைல. பத்து மைல் தள்ளினா புதுக்கோட்டை, அது 1948 வரைக்கும் தனி சமஸ்தானம், அதோட ஆவணம் எல்லாம் வேற வரிசை. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முதல்லயே பார்த்துடுங்க.

நாடகம் எந்த மைதானத்துல நடந்ததுன்னு ஒரு பக்கம், நடத்தின கம்பெனி எந்த ஊருன்னு இன்னொரு பக்கம், அச்சடிச்ச பிரஸ் எந்த ஊருன்னு மூணாவது. இந்த மூணும் வேற வேறயா இருக்கலாம், மூணு பேரையும் தனித்தனியாத் தேடுங்க.

வருஷக் கணக்கு

பழைய புத்தகத்துல, பத்திரத்துல ஆங்கில வருஷம் போட்டிருந்தா கொடுத்து வச்சவங்க. இல்லன்னா பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல்தான். பசலின்னா வரிக் கணக்குக்கு வச்ச வருஷம், அதோட 590 கூட்டணும், பசலி 1330ன்னா 1920 ஜூலைலேர்ந்து 1921 ஜூன் வரைக்கும். கொல்லம் ஆண்டு, திருநெல்வேலி நாஞ்சில்நாட்டுப் பக்கம் நிறைய வரும், அதோட 824 கூட்டுங்க, ஜனவரி பொறந்ததுக்கு அப்புறம் வர்ற தேதின்னா 825. கொல்லம் 1096னா 1920-21. சாலிவாகன சகாப்தம்னா 78 கூட்டணும். கலியுகம்னா 3101 கழிக்கணும்.

அறுபது வருஷப் பேருதான் குழப்பும். ரௌத்திரி வருஷம்னு போட்டா அது 1860ஆ இருக்கலாம், 1920ஆ இருக்கலாம், 1980ஆவும் இருக்கலாம். காகிதத்தைப் பார்த்து எதுன்னு முடிவு பண்ணணும். வீட்டுப் பெரியவங்க "தாது வருஷப் பஞ்சத்துல ஊரை விட்டு வந்தோம்"னு சொன்னா அது 1876-77, அந்தப் பஞ்சம் அவ்வளவு பெருசு, அதனால அடுத்த தாதுவோட குழப்பிக்க மாட்டீங்க.

தமிழ் எண்ணையும் பழகிக்கோங்க, அரைமணி நேரம் போதும். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, இதான் ஒண்ணுலேர்ந்து ஒம்பது, எழுத்து மாதிரியே இருக்கும். ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், ௳ன்னா நாள், ௸ன்னா மேற்படி. நிலப் பத்திரத்துல மா, காணி, முந்திரின்னு பின்னம் வரும், மா இருபதுல ஒண்ணு, காணி எண்பதுல ஒண்ணு, முந்திரி முந்நூத்து இருபதுல ஒண்ணு. தஞ்சாவூர்ப் பக்கம் வேலின்னு வந்தா சுமாரா 6.6 ஏக்கர்.

போறதுக்கு முந்தின வாரம்

நூலகத்தோட வெப்சைட்ல கேட்டலாக் இருக்கு, அதுல தேடிப் பாத்துட்டு, வேணுங்கறதை எழுதி மெயில் போடுங்க. கேள்வியையும் அந்த ஒரு பேப்பர்ல எழுதினதையும் அப்படியே அனுப்புங்க. எந்த நாள் திறந்திருக்கும், பதிவு எப்படி, காப்பி எடுக்க என்ன ரூல், எவ்வளவு காசுன்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க, இதெல்லாம் மாறும், அதனால நான் எழுதி வச்சு நீங்க ஏமாறக் கூடாது. ஆதார் மாதிரி ஒரு ஐடி, பென்சில் ரெண்டு, வெள்ளைப் பேப்பர், ஒரு ஸ்வெட்டர். ஏசி நல்லா குளிரும். பேனா பையை விட்டு வெளிய வர வேணாம், ஒரு சொட்டு மை போதும், 1890ல அச்சான பக்கத்துல அது போகவே போகாது.

கேட்டலாக்ல கிடைக்கலன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. புத்தகத்துக்குத் தலைப்பும் ஆசிரியரும்தான் கேட்டலாக்ல ஏறும், உள்ள இருக்கற ஆயிரம் பேரு ஏறாது. நம்ம ஆளு அந்த ஆயிரத்துல ஒருத்தரு.

அங்க போனப்புறம்

அலமாரிக்குள்ள நாமளே போய் எடுக்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தா எடுத்துட்டு வருவாங்க, ஏற்கெனவே ஸ்கேன் பண்ணினதுன்னா கம்ப்யூட்டர்ல பார்க்கச் சொல்வாங்க, மைக்ரோபிலிமும் உண்டு. ஒரிஜினலைத் தொட்டுப் பார்க்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் காலத்து மலிவுக் காகிதம் அமிலம் ஏறி அப்பளமா நொறுங்குது, ஒரு தடவை புரட்டினா ஒரு ஓரம் போகும். ஸ்க்ரீன்ல பாக்கச் சொன்னா சந்தோஷமா பாருங்க. ஒரிஜினல் கொடுத்தா எச்சி தொட்டுப் புரட்டாதீங்க, மடக்காதீங்க, மேல கையை ஊனி எழுதாதீங்க.

காலைல போன உடனே ஒரு பத்து நிமிஷம் நூலகர்கிட்ட பேசுங்க. கூச்சப்படாதீங்க. இருபது முப்பது வருஷமா அந்தக் காகிதத்தோடயே இருக்கறவங்க, கேட்டலாக்ல இல்லாதது அவங்க தலைல இருக்கு. நான் அந்த மிருதங்கக்காரர் பேரைச் சொன்னதும் "நாடகப் பாட்டுப் புத்தகம் பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நாடகக் கொட்டகை வாசல்ல அணாக் கணக்குல வித்த சின்னச் சின்னப் புத்தகம், பாட்டு மட்டும் இருக்கும். அதுல ஒண்ணோட பின் அட்டையில, பாட்டு எல்லாம் முடிஞ்ச இடத்துல, பக்க வாத்தியம்னு போட்டு மூணு பேர். நடுவுல எங்க பூட்டனாரு. ஊர்ப் பேரோட. நான் அந்த ஸ்க்ரீன் முன்னாடி எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல, எங்க அம்மாவுக்கு போன் பண்ணினப்ப பேச்சே வரல.

எங்க பாக்கணும்

அதுலேர்ந்து நான் புத்தகத்தை ஓரத்துலேர்ந்துதான் படிக்கறேன். முகப்புப் பக்கத்துல ஆசிரியர் ஊரு, அச்சிட உதவின புண்ணியவான் பேரு, அச்சுக்கூடம், அது இருந்த தெரு எல்லாம் இருக்கும். அடுத்து சாற்றுகவி, அந்த ஊர்ப் புலவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாம் வரிசையா பாராட்டிப் பாடியிருப்பாங்க, பாட்டைத் தள்ளிட்டு மேல இருக்கற பேரையும் ஊரையும் குறிச்சுக்கோங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள்ல கையொப்பக்காரர் பட்டியல்னு ஒண்ணு வரும், முன்கூட்டியே பணம் கட்டினவங்க லிஸ்ட், ஊர் வாரியா. உங்க ஊர்ல அப்ப வசதியும் வாசிப்பும் இருந்தவங்க யாருன்னு அதுல தெரிஞ்சுடும். கடைசிப் பக்கங்கள்ல விளம்பரம், தைல விளம்பரம், ஜவுளிக்கடை, ரங்கூன் பினாங்கு கிளை விலாசம், இதையெல்லாம் விட்டுடாதீங்க.

குஜிலிப் புத்தகங்களையும் கேளுங்க. சென்னை குஜிலிக் கடைத்தெருவுலேர்ந்து வந்த எட்டு பக்கம் பதினாறு பக்கப் பாட்டுப் புத்தகம், வெள்ளம், தீ விபத்து, ரயில் கவிழ்ந்தது, கொலை எல்லாத்துக்கும் சிந்து பாடி வித்திருக்காங்க. உங்க ஊர்ல ஒரு பெரிய வெள்ளம் வந்ததா பாட்டி சொல்லியிருந்தா அதுக்கு ஒரு சிந்து இருக்க வாய்ப்பு இருக்கு. ஸ்தல புராணம் படிக்கும்போது புராணத்தை விட அதை அச்சுப் போட்டவங்க முன்னுரை நமக்கு உபயோகம்.

செய்தித்தாள்னா சுதேசமித்திரன் 1882ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்சு 1899லேர்ந்து தினசரி. ஆனா தேதி தெரியாம தினசரிக்குள்ள இறங்காதீங்க, முழுகிடுவீங்க. முதல்ல வேற எங்கயாவது தேதியைப் பிடிச்சுட்டு அந்த வாரத்தை மட்டும் பாருங்க.

வருஷம் போடாத காகிதம்

நோட்டீஸ்காரங்க யாருமே வருஷம் போட மாட்டாங்க. "வருகிற சனிக்கிழமை, மாசி 14ந் தேதி"ன்னு போடுவாங்க, ஊர்க்காரங்களுக்கு அது போதும்ல. நமக்குத்தான் பிரச்சனை. ஆனா அந்த வரியே வழியும் காட்டும், மாசி 14 எந்தெந்த வருஷம் சனிக்கிழமை வந்துச்சுன்னு பழைய பஞ்சாங்கத்தைப் பாத்தா ஒரு இருபது வருஷத்துக்குள்ள மூணோ நாலோதான் பொருந்தும்.

மத்ததை காகிதமே சொல்லும். டிக்கெட் விலை அணாவுல இருந்தா 1957 ஏப்ரலுக்கு முன்னாடின்னு எடுத்துக்கலாம், அதுக்கப்புறம் நயா பைசா. விலாசத்துல ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பின்னாடி, வெறும் "சென்னை-1"ன்னு இருந்தா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி. சென்னை ராஜ்யம், மதராஸ் ஸ்டேட்னு இருந்தா 1969க்கு முன்னாடி. லை, னை, றா, ணா எல்லாம் கொம்பு சுழிச்ச பழைய எழுத்துல இருந்தா பொதுவா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி, ஆனா சில அச்சகம் பழைய எழுத்தையே அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் ஓட்டினாங்க, அதனால இது ஒண்ணை மட்டும் நம்பாதீங்க. "டாக்கி புகழ்"னு நடிகர் பேருக்கு முன்னாடி போட்டிருந்தா தமிழ்ல பேசும்படம் வந்த 1931க்குப் பின்னாடி. ரெண்டு மூணு அடையாளம் ஒண்ணா பொருந்தினா வருஷத்தை எழுதுங்க, பக்கத்துல "சுமார்"னு கண்டிப்பா போடுங்க.

குறிப்பு எடுக்கறது

இதுல நான் நிறைய இழந்திருக்கேன். ஆரம்பத்துல பேரை மட்டும் எழுதிட்டு எந்தப் புத்தகம்னு எழுதாம விட்டதெல்லாம் இன்னைக்கு வரைக்கும் திரும்பக் கிடைக்கல. அதனால எதையும் எழுதறதுக்கு முன்னாடி நூலக எண், தலைப்பு, அச்சுக்கூடம், ஊர், வருஷம், பக்கம், அப்புறம்தான் சேதி. காப்பி எடுக்க அனுமதி கிடைச்சா முதல்ல முகப்புப் பக்கம், அப்புறம் வேணுங்கற பக்கம். தேடியும் கிடைக்காததையும் எழுதி வைங்க, "இந்தப் பத்திரிகை 1931 முழுக்கப் பாத்தேன், இல்ல"ன்னு. ஆறு மாசம் கழிச்சு அதையே திரும்பப் புரட்டாம இருக்கலாம். அன்னைக்கு ராத்திரியே உக்காந்து சுத்தமா ஒரு தடவை எழுதிடுங்க, ரெண்டு நாள் விட்டா நம்ம கையெழுத்தே நமக்குப் புரியாது.

பழைய எழுத்துல பேரை இருக்கறபடியே எழுதுங்க, நீங்களா திருத்தாதீங்க. தப்பா அச்சானதுன்னு நாம நினைக்கறதுதான் சில சமயம் சரியான பேரா இருக்கும்.

அங்க இல்லன்னா

நிலம், வரி, அரசாங்கக் கடிதம்னா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909ல கட்டின சிவப்புக் கட்டடம், விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்கணும், அதுக்கு நாள் ஆகும்னு வச்சுக்கோங்க. ஊரோட 1800 வாக்குல உள்ள கதைன்னா கம்பெனி காலத்து சர்வேயர் காலின் மெக்கன்சியோட ஆளுங்க ஊர் ஊரா எழுதி வாங்கின கைபீதுகள், அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகள், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு. அச்சான புத்தகத்துக்கு கன்னிமாரா, 1896ல திறந்தது. ஆங்கிலேயர் கால ஆங்கிலப் புத்தகத்துக்கு 1812ல ஆரம்பிச்ச மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, கல்லூரிச் சாலையில, சந்தா கட்டி மெம்பர் ஆகலாம். ஊர்வாரியா ஜனத்தொகை, பள்ளிக்கூடம், கிணறு கணக்கு வேணும்னா 1951லேர்ந்து வந்த மாவட்ட சென்சஸ் கையேடுகள். வீட்டுலேர்ந்தே பாக்கறதுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு, இலங்கைப் பக்கம் வேர் இருக்கறவங்களுக்கு 2005லேர்ந்து நடக்கற நூலகம் திட்டம், அதுல சின்னச் சின்ன ஊர் விழா மலர், பள்ளிக்கூட மலர், கல்வெட்டுன்னு சொல்ற நினைவு மலர் எல்லாம் ஏத்தியிருக்காங்க. எங்க பூட்டனாரோட கொழும்புப் பயணத்தை நான் இப்ப அதுலதான் தேடிட்டு இருக்கேன்.

கடைசியா ஒண்ணு, தேடி முடிச்சப்புறம் உங்க ட்ரங்குப் பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்திடாதீங்க. உங்க வீட்டு மொய் நோட்டுல வேற யாரோட பூட்டனாரோ இருப்பாரு. நூலகத்துக்கு ஒரு மெயில் போட்டு என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் அனுப்புங்க, கொடுக்க மனசு வரலன்னா ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு ஒரிஜினலைத் திருப்பித் தர முடியுமான்னு கேளுங்க. கரையான் அரிக்கறதுக்கு முன்னாடி கேளுங்க.